சேவலுக்கு இல்லாத உரிமை

1997ஆம் ஆண்டளவில், கொழும்பு நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் நான் உதவி ஆசிரியனாகப் பணியாற்றிய காலம். செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பிய சிறிய செய்தியொன்று மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. அமெரிக்காவில் கம்பிவலைக் கூண்டுக்குள் இருவரை விட்டு மோதவைக்கும் காட்சிகளைத் தடைசெய்யவேண்டும் என்று அரிசோனா மாநில செனற்றர் ஜோன் மக்கெயின் போராடிக்கொண்டிருந்தார். அதனை அவர் மனிதச் சேவற்சண்டை என வர்ணித்திருந்தார். அந்தச் சொற்றொடரையே நான் தலைப்பாக்கினேன். தலைப்பு நன்றாக அமைந்துவிட்டால் அதன் நியாயத்தை உதவி ஆசிரியர்கள் அதிகம் ஆராய்வதில்லை. நானும் ஆராயவில்லை. அதற்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தத் தலைப்பே என் கருத்தாகவும் இருந்தது.

மக்கெயின் காரணமின்றிப் பேசினார் என்று கூறமுடியாது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் நடைபெற்ற முதலாவது யூ.எவ்.சி. போட்டித் தொடரில் எடைப் பிரிவுகள் இருக்கவில்லை. முதல் மோதல் 26 விநாடிகளில் முடிந்தது. ஒல்லாந்தைச் சேர்ந்த ஜெராட் கோர்டோ, கீழே விழுந்திருந்த சுமோ வீரர் டெய்லா டூலியின் முகத்தில் உதைத்தபோது ஒரு பல் பறந்தது. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் அன்றும் தடைசெய்யப்பட்டவையே. ஆயினும் விதிகளே இல்லை என்று விளம்பரம் செய்து கட்டணத் தொலைக்காட்சியில் விற்றவர்கள் ஏற்பாட்டாளர்கள்தான். விதியில்லை என்று கூவி விற்றவர்கள், விதியில்லாததைத் தடைசெய் என்று ஒருவர் எழுந்தபோது முறையிட்டதில் என்ன நியாயம் இருக்கிறது? 1996இல் மக்கெயின் 50 மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். 36 மாநிலங்கள் தடைச்சட்டம் இயற்றின. கேபிள் நிறுவனங்களும் ஒளிபரப்பைக் கைவிட்டன.

கலப்புத் தற்காப்புக்கலை என்று இன்று நாம் அழைக்கும் இந்த விளையாட்டு அந்த நிலையிலிருந்து மீண்ட கதை பலருக்குத் தெரிந்ததே. 2000ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநில அதிகாரிகள் எடைப் பிரிவுகள், ஐந்து நிமிடச் சுற்றுக்கள், தடைசெய்யப்பட்ட செயல்களின் நீண்ட பட்டியல் ஆகியவற்றைக் கொண்ட விதிகளின்கீழ் போட்டிகளை அனுமதித்தனர். அடுத்த ஆண்டு நெவாடா மாநிலமும் கதவைத் திறந்தது.

ஆனால் விதி வந்துவிட்டது என்பதால் மட்டும் ஐயம் கொண்டவன் மனம் மாறிவிடுவதில்லை. ஆதரவாளர்கள் வழக்கமாக எடுத்துவைக்கும் வாதங்கள் என்னை மாற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். குத்துச்சண்டையைவிட இது பாதுகாப்பானது என்பார்கள். கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கணக்கில், போட்டியின்போது நினைவிழந்தவர்கள் குத்துச்சண்டையில் 7.1 சதவீதம், கலப்புச் சண்டையில் 4.2 சதவீதம். நல்லது. ஆனால் ஏதோவொரு காயம் அடைந்தவர்களின் விகிதம் கலப்புச் சண்டையிலேயே அதிகம் என்பதும் அதே ஆய்வில் உள்ளது. ரொறன்ரோவிலிருந்து 2014இல் வெளியான மற்றோர் ஆய்வோ, யூ.எவ்.சி. போட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தலையில் விழும் அடிகளால் முடிவுக்கு வந்ததாகக் காட்டியது. ஒரு பாதியை மட்டும் எடுத்துக் காட்டுபவரை ஐயுறவாளன் மறு பாதியைக் காட்டி மடக்கிவிடுவான்.

2001இல் 20 இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்ட நிறுவனம் 2016இல் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு விலைபோனது என்பது இன்னொரு வாதம். சேவற்சண்டைக்கும் கூட்டம் கூடும், பணம் புரளும். அது விளையாட்டு என்பதற்குச் சான்றாகாது.

என் மனம் மாறியது ரொறன்ரோவில். 2010வரை தொழில்முறைக் கலப்புச் சண்டையை அனுமதிக்காதிருந்த ஒன்ராறியோ மாகாணம் அது. அனுமதி கிடைத்த மறுவருடமே, 2011 ஏப்ரலில், ரொறன்ரோ விளையாட்டரங்கொன்றில் ஏறத்தாழ 55,000 பேர் கூடினர். என் தமக்கையின் மகன் அங்கே வளர்ந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது நான் வழக்கம்போல இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஏசினேன். அவன் வாதாடவில்லை. “மாமா, ஒரேயொரு சண்டை பாருங்கோ. பிறகு ஏசுங்கோ” என்றான்.

அவன் காட்டியது அண்மைக்காலப் போட்டியன்று. விதிகள் சீராகாத காலத்து, 1994 டிசம்பர் மாதம் ஒக்லஹோமாவின் டல்சா நகரில் நடந்த நான்காவது தொடரின் இறுதிப் போட்டி. ஒருபுறம் பிரேசிலைச் சேர்ந்த ஹொய்ஸ் கிரேசி, ஏறத்தாழ 80 கிலோ எடை. மறுபுறம் அமெரிக்க மல்யுத்த வீரர் டான் செவர்ன், அவரைவிட முப்பத்தைந்து கிலோவுக்கும் அதிகமான எடையுள்ளவர். செவர்ன் அவரைக் கீழே வீழ்த்தி மேலே படுத்துக்கொண்டார். நிமிடங்கள் கழிந்தன. கீழே கிடப்பவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. மருமகன் இடையிடையே நிறுத்தி, “கால் எங்க இருக்குது எண்டு பாருங்கோ” என்றான். அப்போதுதான் கவனித்தேன். கீழே கிடந்தவரின் கால்கள் மேலே இருந்தவரின் இடுப்பைச் சுற்றியிருந்தன. அவை மெல்ல மெல்ல முதுகில் ஏறி, தோளைக் கடந்து, கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து முக்கோணமாக இறுக்கின. 15 நிமிடமும் 49 விநாடிகளும் ஆனபோது அந்தப் பெரிய மனிதர் தன் கையால் தட்டினார். சண்டை முடிந்தது.

(ஒளிபரப்புக்கு ஒதுக்கிய நேரம் அதற்குள் தீர்ந்துவிட்டதால் பணம் செலுத்திப் பார்த்த பலர் முடிவைக் காணவில்லையாம். பக்கம் அச்சுக்குப் போனபின் வந்துசேரும் முக்கியச் செய்திகள் என் நினைவுக்கு வந்தன.)

அந்தத் தட்டலைப் பார்த்தபோதுதான் என் பழைய தலைப்பு பிழையென்று உணர்ந்தேன். சேவற்சண்டையைக் கண்டவர்களுக்குத் தெரியும். சேவல் தோல்வியை அறிவிக்க முடியாது. போதும் என்று சொல்வது அதன் உரிமையாளனின் விருப்பம், பல வேளைகளில் அவன் சொல்வதுமில்லை. இங்கே போதும் என்று சொல்பவர் சண்டையிடுபவரே. இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். எதிராளி அந்தக் கணமே விடவேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்புமன்று. கி.மு. 648இல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட பங்கிராத்தியன் என்னும் கிரேக்கப் போட்டியிலும் கையுயர்த்திச் சரணடையலாம். கி.மு. 564இல் அரிக்கியோன் என்பவர் கழுத்து நெரிக்கப்பட்ட நிலையில் எதிராளியின் காலை முறுக்க, எதிராளி வலி தாளாது கையுயர்த்தினார். அதே கணத்தில் அரிக்கியோன் உயிர் பிரிந்தது. வெற்றி மாலை பிணத்துக்குச் சூட்டப்பட்டது. கையுயர்த்தியவர் உயிரோடு வீடு சென்றார். நமக்குச் சொல்லப்படுவதோ அரிக்கியோனின் பெருமை மட்டுமே.

சரணடைதலை இழிவாகக் கருதும் அந்த மனப்பான்மை குத்துச்சண்டையில் இன்னும் வாழ்கிறது. 1980 நவம்பரில் நியூ ஓர்லியன்ஸில் சுகர் ரே லெனார்ட்டுடன் மோதிய பனாமா வீரர் ரொபேர்ட்டோ டுரான் எட்டாவது சுற்றில் இனி வேண்டாம் என்று திரும்பிக்கொண்டார். அதன்பின் இரண்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றும் அந்த ஒரு கணத்தின் பரிகாசம் அவரை விட்டு நீங்கவில்லை. கனடாவின் ஜோர்ஜ் சென் பியரை எண்ணிப் பாருங்கள். 2007 ஏப்ரலில் எவரும் பெரிதாக எதிர்பார்க்காத மற் செராவின் குத்துக்களின்கீழ் அவர் தட்டிப் பட்டத்தை இழந்தார். ஓராண்டின் பின்னர் மொன்றியலில் அதே செராவை வென்றார். இன்று அவரை இவ்விளையாட்டின் தலைசிறந்தவர்களில் ஒருவர் என்கிறார்களேயன்றிக் கோழை என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

தட்ட மறுப்பவர்களும் உண்டு. அதற்குத்தான் நடுவர். 2004 ஜூனில் லாஸ் வேகாஸில் பிராங்க் மிர், டிம் சில்வியாவின் கையைப் பூட்டிப் பிடித்தபோது நடுவர் ஹேர்ப் டீன் பாய்ந்து போட்டியை நிறுத்தினார். தொடங்கி 50 விநாடிகளே ஆகியிருந்தன. தனக்கு ஒன்றுமில்லை என்று சில்வியா வாதிட்டார். அரங்கு கூச்சலிட்டது. பின்னர் பெரிய திரையில் காட்சி மீண்டும் ஓடியபோது முன்கை எலும்பு முறிந்து வளைவதை எல்லோரும் கண்டனர். கூச்சல் அடங்கியது.

இத்தனையும் சொன்னபின், தட்டலால் காக்க முடியாததையும் சொல்லவேண்டும். தலையில் விழும் குத்து தட்டுவதற்கு அவகாசம் தருவதில்லை. 2016 ஏப்ரலில் டப்ளினில் மோதிய போர்த்துக்கேய வீரர் ஒருவர் இரண்டு நாட்களின் பின் மருத்துவமனையில் இறந்தார். கூண்டுக்கு வெளியே தட்டும் உரிமை இருக்கிறதா என்பதும் கேள்விதான். ஊதியத்தை ஒடுக்கினார்கள் என்று வீரர்கள் 2014இல் தொடுத்த வழக்கு, 37.5 கோடி டொலர் இழப்பீட்டு இணக்கத்துடன் 2025இல்தான் முடிந்தது.

எல்லாவற்றிலும் மோசமானது, யூ.எவ்.சி.யின் தலைவர் டேனா வைற் தொடங்கிய கன்னத்தில் அறையும் போட்டி. கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, தடுக்காமலும் விலகாமலும் நின்று அறை வாங்கவேண்டும். நெவாடா மாநிலம் 2022இல் இதற்கும் அனுமதி கொடுத்தது. மக்கெயினின் சொல் இதற்கு மிகப் பொருந்தும். சேவலாவது பறந்து விலகும். கலப்புச் சண்டையின் அன்பர்கள் இதைக் கண்டும் காணாதிருப்பார்களாயின், ஐயுறவாளர்களிடம் அவர்கள் செய்யும் பரிந்துரை எப்படி எடுபடும்?

மக்கெயின் 2007இல், தான் இவ்விளையாட்டின் இரசிகனாகிவிடவில்லை, ஆயினும் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது என்ற கருத்தில் பேசினார். 1997இல் தடைவிதித்த நியூயோர்க் மாநிலம் 2016இல் அதனை நீக்கியது. மடிசன் சதுக்க அரங்கில் முதலாவது யூ.எவ்.சி. நடைபெற்ற நாளும் நவம்பர் 12, டென்வரில் அந்தப் பல் பறந்து சரியாக 23 ஆண்டுகள். மருமகன் அந்தப் போட்டியையும் காட்டினான், பார்த்தேன். அவனுடைய தாயார், என் தமக்கை, கதவடியில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “உங்களுக்கெல்லாம் விசர்” என்று குசினிக்குப் போய்விட்டார். அவருக்கு டல்சாப் போட்டியைக் காட்டவேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். இன்னும் காட்டவில்லை.