ஓயாத அலையும் பத்து நாள் விடுமுறையும்



சென்ற மாதம் ஒரு தாய், நான்காக மடித்த தாள் ஒன்றை என் மேசைமீது வைத்து, "இதைப் படித்துப் பாருங்கள், சாமி. பையன் போகலாமா, கூடாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அவருடைய மகன் கலிபோர்னியாவில் பணிபுரிகிறார். அங்கே இரண்டு ஆண்டுகளாக அலைச்சறுக்குப் பழகி வருகிறார். ஆகஸ்டு மாதத்தில் கிடைக்கும் பத்து நாள் விடுமுறையில் மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்கா நாட்டுக்குச் சென்று, ப்ளாயா எர்மோசா என்னும் கடற்கரையில் அலையேற விரும்புகிறார். விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் பலகைக்கான சுமைக்கூலியும் காசு பிசகாமல் அத்தாளில் எழுதப்பட்டிருந்தன. கடலைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: "ஆண்டு முழுவதும் அலை உண்டு."

"வேண்டாம்" என்று சொல்லிவிடுவதே என் முதல் எண்ணமாயிருந்தது. நமக்குத் தெரியாத விளையாட்டை ஆகாத விளையாட்டு என்று கருதிவிடும் பழக்கம் பெரியவர்களாகிய நம்மிடம் உண்டல்லவா? ஆயினும் இது வெறும் துணிச்சல் வித்தையன்று. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது. எர்மோசாவுக்கு அடுத்துள்ள ஹாக்கோ கடற்கரையில் 2016-இல் உலகப் போட்டியும் நடந்தது. ஆகவே, தடை சொல்லுமுன் கேட்டும் படித்தும் அறிந்துகொள்வோம் என்று அத்தாயிடம் இரண்டு வாரத் தவணை பெற்றேன்.

ஆண்டு முழுவதும் அலை உண்டு என்பது பொய்யன்று. ஹாக்கோ நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கருமணல் பரந்து கிடக்கும் நீண்ட கரை அது. பசிபிக் பெருங்கடலைத் தென்மேற்காக நோக்கித் திறந்திருக்கிறது; அலையைத் தடுக்கத் தீவோ நிலமுனையோ எதிரில் இல்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில், நியூசிலாந்தை ஒட்டியும் அதற்குத் தெற்கேயும் உள்ள கடற்பரப்பில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுகின்றன. அவை கிளப்பும் அலைகளுள் நீண்டவை பிரிந்து முன்னோடுகின்றன. ஓர் அலைமுகடு கடந்து 16 விநாடிக்குப் பின் அடுத்த முகடு வருமானால், அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அதாவது நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பத்தாயிரம் கிலோமீட்டர் கடந்து வர ஒன்பது நாளுக்கு மேல் ஆகிவிடும். வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருக்கும் காலையில் ஆளுயர அலைகள் வந்து விழுவதைக் கண்டு புதியவர் திகைப்பார். அந்த அலையைப் பெற்ற புயல் அவர் தம் ஊரில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதே ஓய்ந்திருக்கும்!

ஆகவே, மூன்று மாதங்களுக்கு முன்பே பயணச்சீட்டு வாங்குபவருக்கு எந்த அலை தம்மை வரவேற்கும் என்பது தெரியாது. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஏறத்தாழத் தெரியும். அப்போதும் முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் படித்தால் போதாது. இரு முகடுகளுக்கு இடைப்பட்ட விநாடிகளையும் படிக்க வேண்டும். ஒரே உயரமுள்ள அலைகளாயினும், 8 விநாடிக்கு ஒருமுறை வருவதைவிட 16 விநாடிக்கு ஒருமுறை வருவது மிகுதியான வலிமையைச் சுமந்து வருகிறது. கரையருகே இன்னும் உயர்ந்து எழுகிறது.

இனி, அது விழும் இடத்தைப் பார்ப்போம். சில கரைகளில் பாறைமீதோ பவளத்திட்டின்மீதோ அலை உடைகிறது. அங்கே அது எப்போதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் உடையும். எர்மோசாவிலோ நீருக்கடியிலுள்ள மணல்திட்டுகளின்மீது உடைகிறது. மணல்திட்டு நிலையானதன்று, ஒரு பெரிய அலைநாள் வந்தால் இடம் மாறிவிடும். நேற்று அழகாக ஒரு பக்கமாகச் சரிந்து வழிவிட்ட அலை, இன்று கரை நெடுகிலும் சுவர் இடிவதுபோல் ஒருமிக்க விழும். பலகைகள் இங்கே முறிவது வழக்கம். அனுபவமுள்ளோர் இரண்டு பலகை கொண்டு செல்வதன் காரணம் அதுவே.

பலகை முறிந்தால் வேறு வாங்கலாம். அஞ்ச வேண்டியது வேறொன்று. அலைகள் கரையில் கொட்டும் நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது இரண்டு மணல்திட்டுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தைத் தேடி, ஆறுபோல் திரண்டு, கடல்நோக்கி ஓடுகிறது. அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. ஆகவே தெரியாதவர் கண்ணுக்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவார். பலகையைப் பற்றிக்கொண்டு மிதக்க வேண்டும். பதற்றம் அடங்கியபின், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு விலகி, அலை உடையும் இடத்தின் வழியே கரை சேர வேண்டும். அலை ஓயாத கரையில் இந்த இழுப்பும் எளிதில் ஓய்வதில்லை. அந்நாட்டில் உயிர்காப்பாளர் இல்லாத கரைகள் பல என்பதையும் நினைவிற்கொள்க.

நம் கடலோரப் பங்குகளில் கட்டுமரம் தள்ளும் பெரியவர்களைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் ஓடிவந்து நீரில் இறங்குவதில்லை. கரையில் நின்று, பேரலைகள் வரிசையாக வந்து தீரும்வரை பொறுத்து, இடைப்பட்ட தணிவில் மரத்தைச் செலுத்துவார்கள். எர்மோசாவிலும் அதே பாடந்தான்: அரைமணி நேரமாவது கரையில் அமர்ந்து பார்க்காமல் இறங்கலாகாது.

நேரம் அறிவதும் ஒரு கலை. அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு மெல்ல வீசி, அலையின் முகத்தை வழவழப்பாக்கும். முற்பகல் கடக்குமுன் கடற்காற்று எழுந்து அதைக் கலைத்துவிடும். அக்கரையில் வெள்ளத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய 3 மீட்டர் வரை மாறும். வற்றத்தில் அலை கொடிதாக மடிந்து விழும். நீர் ஏறிவரும் வேளையே பெரும்பாலும் ஏற்றது. இந்த ஏற்றவற்றம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துவதால், முதல் நாள் விடியலில் நீர் ஏறினால், ஒரு வாரத்திற்குள் அதே விடியலில் நீர் இறங்கிக்கொண்டிருக்கும். பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் ஏற்றவற்றக் கணக்கைப் பார்த்துத் தேதி குறித்திருக்க வேண்டிய தம்பி, விமானக் கட்டணம் குறைந்த தேதியைக் குறித்திருந்தார்.

ஆகஸ்டு அங்கே மழைக்காலமும்கூட. காலை பெரும்பாலும் தெளிவாயிருந்து, பிற்பகலில் கொட்டும். ஆறுகள் பெருகிக் கடல் கலங்கும். ஹாக்கோவுக்கு வடக்கே தார்க்கொலெஸ் ஆற்றுப் பாலத்தில் நின்று மக்கள் முதலைகளை வேடிக்கை பார்ப்பார்கள். அப்பகுதியின் கழிமுகங்களில் பலகையோடு இறங்குவது அறிவீனம். டெங்கு பரப்பும் கொசுவும் உண்டு. இரவில் கருமணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும். கரையின் ஒரு பகுதி அவற்றுக்கான காப்பிடம். கைவிளக்கு அடித்துக்கொண்டு அங்கே உலவலாகாது. இன்னுமொரு வேடிக்கை: எர்மோசா என்றால் "அழகிய" என்று பொருளாதலால், அந்நாட்டில் அப்பெயருள்ள கரைகள் வேறும் உண்டு. வடக்கே குவானகாஸ்தே மாகாணத்திலுள்ள எர்மோசா அமைதியான விரிகுடா. அங்கே விடுதி பிடித்துவிட்டு அலையைத் தேடினால் குளிக்கத்தான் முடியும்!

இவ்வளவும் அறிந்தபின் அந்த இளைஞரோடு தொலைபேசியில் பேசினேன்.

"எத்தனை உயர அலைவரை ஏறியிருக்கிறாய், தம்பி?"

"இடுப்பளவு, ஃபாதர். ஒன்றிரண்டு முறை மார்பளவு."

"அங்கே தலைக்கு மேல் எழும் நாளில் என்ன செய்வாய்?"

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இவ்வளவு பணம் கட்டிப் போய்விட்டுக் கரையில் உட்கார்ந்திருக்க முடியுமா, ஃபாதர்?" என்றார்.

வாசகர்களே, என்னைக் கலங்கச் செய்தது முதலையன்று, இழுப்புமன்று, இந்தச் சொல்தான். பலரைத் தகாத நாளில் தண்ணீருக்குள் தள்ளுவது கட்டிவிட்ட பணம். எஞ்சியிருப்பது இரண்டே நாள், நண்பர்கள் இறங்கிவிட்டார்கள், திரும்பிப் போய் என்ன சொல்வது என்று எண்ணி எண்ணி மனிதன் தன் அளவை மறக்கிறான். ஓயாத அலையுள்ள கரைக்குப் போகிறவன், இறங்காமல் இருக்கும் நாளுக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அந்நாளின் செலவைப் புறப்படும் முன்பே மனத்தளவில் எழுதித் தள்ளிவிட வேண்டும்.

"போக வேண்டாமென்கிறீர்களா?" என்றார்.

"போ, தம்பி. ஆனால் எர்மோசாவில் பத்து நாள் என்று எழுதாதே. முதலில் ஹாக்கோவில் தங்கு. அங்கே அலை அவ்வளவு கடுமையன்று. கற்றுக்கொள்பவர்கள் பழகும் இடம். எர்மோசா சில கிலோமீட்டர்தானே? காலையில் போய்ப் பார். உனக்கு இயலுமென்று அவ்வூர்ப் பயிற்றுநர் ஒருவர் சொன்னால் அவரோடு இறங்கு. தனியே இறங்காதே."

அவர் உடனே ஒப்புக்கொண்டார் என்று எழுத ஆசைதான். ஒப்புக்கொள்ளவில்லை. எர்மோசாவில் கடலைப் பார்த்த அறைக்கு முன்பணம் கட்டியாயிற்று என்று வருந்தினார். யோசிக்கிறேன் என்று முடித்தார்.

பத்து நாள் கழித்து அந்தத் தாய் புதிய தாளோடு வந்தார். அறை ஹாக்கோவுக்கு மாறியிருந்தது; முன்பணத்தில் பாதி போயிற்றாம். ஏற்றவற்ற நேரங்கள் நாள்வாரியாகக் குறிக்கப்பட்டிருந்தன. மூன்று நாள்களுக்கு எதிரே "கரை" என்று மட்டும் எழுதியிருந்தது. தாயும் தம் பங்குக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: தண்ணீரைவிட்டு ஏறியதும் தினமும் அழைக்க வேண்டும். அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. "சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேன், சாமி. அவன் கூப்பிட்ட பிறகுதான் சோறு" என்றார்.