வானம் தோண்டியாச்சா?

கோவில்பட்டியைச் சுற்றி ‘நகர்’ என்று போர்டு வைத்துக் கல் ஊன்றியிருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் கம்பும் பருத்தியும் விளைந்த கரிசல் காடு. நண்பனுக்கு மனை பார்க்கப் போனேன். “பஸ் ஸ்டாண்டுலேருந்து அஞ்சே நிமிஷம் தம்பி” என்றார் புரோக்கர் அண்ணாச்சி. எதில் போனால் என்று சொல்லவில்லை.

விலை மலிவுதான். ஆனால் கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேலே இருக்கிற வீடும் கூடவே ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் கோணலாக ஒரு விரிசல் ஓடும். பெயிண்ட் அடித்து மறைக்கலாம், அடுத்த கோடை வரை!

அஸ்திவாரக் குழிக்குக் கொத்தனார் பாஷையில் ‘வானம்’ என்று பெயர். வானம் பார்த்த பூமியில் வானம் தோண்டுவதில்தான் சூட்சுமமே. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களிலேயே வழி சொல்லிவிட்டது: அடியில் குடம் மாதிரி பருத்த கான்கிரீட் தூண்கள். ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் இறங்கணும். மழையும் வெயிலும் அங்கே எட்டாது. லோன் பணத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடும். கிரகப்பிரவேசத்துக்கு வருகிற மாமனாருக்கு அதைக் காட்டவும் முடியாது, பாவம்.

பத்திரம், வில்லங்கம், மனை அங்கீகாரமெல்லாம் வக்கீல் பார்ப்பார். நீங்க சித்திரை வெயிலில் ஒரு நடை போய், பக்கத்து வீட்டில் குடிக்கத் தண்ணி கேளுங்க. சொம்பு வருவதற்குள் சுவரைப் பார்த்துடலாம். அப்படியே குழாயில் எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணி வருதுன்னும் கேட்டுக்குங்க. சீவலப்பேரியிலிருந்து வரணும் சார், தாமிரபரணி!