ஒரு மணி நேரப் புகை போதும்!

"புகை என்ன புதிதா? இருபது வருடமாக இதே ரோட்டில்தான் கடை வைத்திருக்கிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்கும் வியாபாரிகள் நம்மில் நிறையப் பேர் உண்டு. பீடி, சிகரெட்டைப் போலப் பல வருடம் உள்ளே போனால்தான் கெடுதி என்பது நம் நினைப்பு.

சகோதரர்களே! அதில் பாதிதான் உண்மை. பல வருடப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பது சரி. காற்று ஒரே ஒரு நாள், ஏன், ஒரு மணி நேரம் கெட்டால்கூட, ஏற்கெனவே பலவீனப்பட்ட நெஞ்சுக்கு அது போதும் என்பதுதான் மீதிப் பாதி. அதை நமக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரத்தை நிலக்கரிப் புகை மூடியது. ஐந்தே நாட்கள்! வழக்கத்தைவிடச் சுமார் 4,000 பேர் அதிகமாக இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். அடுத்து வந்த வாரங்களையும் சேர்த்துப் பின்னாளில் பார்த்தவர்கள் 12,000 வரை இருக்கும் என்றார்கள். அதன் பிறகுதான், 1956-ல், அங்கே சுத்தமான காற்றுக்கென்று சட்டம் வந்தது.

"அது அந்தக் காலம், நிலக்கரி அடுப்பு" என்று தள்ளிவிட வேண்டாம். அதே லண்டனில் ஆஸ்துமா உள்ள 60 பேரை ஒரு நாள் டீசல் பஸ்களும் டாக்சிகளும் ஓடும் ஆக்ஸ்போர்டு தெருவில் இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். இன்னொரு நாள் அருகிலுள்ள ஹைட் பூங்காவில் அதே இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. பூங்காவில் நடந்த நாளைவிடத் தெருவில் நடந்த நாளில் அவர்களுடைய மூச்சின் திறன் தெளிவாக அதிகம் குறைந்திருந்தது.

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் மாரடைப்பு வந்து பிழைத்த 691 பேரிடம், அதற்கு முந்தைய மணி நேரங்களில் எங்கே இருந்தீர்கள் என்று விசாரித்தார்கள். வாகன நெரிசலில் இருந்துவிட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2004-ல் அறிவித்தார்கள். இரைச்சலும் பதற்றமும்கூட இதில் சேர்ந்திருக்கலாம். ஆனால் புகைக்கு இதில் பங்கில்லை என்று தள்ள முடியாது.

ஏன் இப்படி? டீசல் புகையிலுள்ள நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கு அதைத் தடுக்காது. நுரையீரலின் கடைசி அறை வரை போய் அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. இரத்தக் குழாய் இறுகுகிறது. இரத்தம் எளிதில் உறைகிறது. இதயம் பலமாக உள்ளவர் தாங்கிக்கொள்கிறார். அடைப்பு உள்ளவர் சாய்கிறார்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். லாரிக்குப் பெயர் போனது நாமக்கல். அங்கே பாடி கட்டி, டேங்கர் ஓட்டி, டயர் விற்று எத்தனையோ குடும்பங்கள் சாப்பிடுகின்றன. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ம் எண் நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுத்தான் போகிறது. சேலம் நகரமோ சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று மலைகள் சூழ்ந்த தட்டு. பனிக்கால விடியலில் தரையோரக் குளிர்ந்த காற்று மேலே எழும்பாது. அந்த நேரத்தில் விடும் புகை நம் தலைமட்டத்திலேயே நிற்கும். சரக்கு இறங்குவதும், கடை திறப்பதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், முதியவர்கள் நடைப்பயிற்சி போவதும் அதே நேரத்தில்தானே?

"சராசரி வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று பதில் வரலாம். வியாபாரிகளே, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். காலை மூன்று மணி நேரம் 150 இருக்கிறது, மீதி 21 மணி நேரம் 40 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 54-ஐத் தாண்டாது. ஏட்டில் அந்த நாள் நல்ல நாள்! ஆனால் அந்த மூன்று மணி நேரம் மூட்டை சுமந்தவர் சராசரியையா சுவாசித்தார்? 150-ஐ அல்லவா சுவாசித்தார்? நுண்துகளுக்கு ஒரு மணி நேர வரம்பு என்பதே நம் நாட்டுத் தரத்தில் கிடையாது. அந்த 60-ம்கூட, உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன 15-ஐப் போல நான்கு மடங்கு.

அதற்காக லாரியை நிறுத்து, ஆலையை மூடு என்று நாம் சொல்லவில்லை. நம் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. ஆனால் புகை குறைந்தால் பலன் உடனே தெரியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை 1986-87-ல் ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. ஆலை ஓடிய பனிக்காலங்களில், மூடிக் கிடந்த பனிக்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு குழந்தைகள் மூச்சுக் கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். எஃகாலை உள்ள சேலத்துக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆலையும் ஓடட்டும்; புகைத் தடுப்புக் கருவியும் அதோடு சேர்ந்து ஓடட்டும்!

அடுத்தவரைக் கேட்கும் முன் நம் கையைப் பார்ப்போம். பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! செம்புக்காக ஒயரைக் கொளுத்தாதீர்கள், உரித்தெடுங்கள். டயரைக் கொளுத்தாதீர்கள். கடை வாசலில் குப்பைக்குத் தீ வைக்காதீர்கள். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. சரக்கு இறங்கும்வரை லாரி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், டீசலும் மிச்சம்.

இளைஞர்களே! பைக்கில் போகும்போது கட்டும் கர்ச்சீப் தூசியை மறைக்கும், நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்-95 முகக்கவசம்தான் தடுக்கும். உங்கள் மஹல்லாவில் இதய நோயாளிகள், ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் போய், புகை நேரத்தில் மெயின் ரோட்டுப் பக்கம் வருவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கட்டும். நெஞ்சு அடைத்தால், மூச்சு முட்டினால், "வாயு" என்று சோடா குடித்து உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சேலத்தில் சோனா கல்லூரி வளாகத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவி காற்றை அளக்கிறது. அந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்து யாருக்கு லாபம்? மணிக்கு ஒரு தடவை, தமிழில், பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மக்கள் கண்ணில் படும்படி வைக்கச் சொல்லி மனுக் கொடுப்போம். பள்ளிக்கூட நேரத்தில் கடைவீதிக்குள் கனரக லாரி வராதபடி நேரம் ஒதுக்கக் கேட்போம். வணிகர் சங்கங்கள், லாரி உரிமையாளர்கள், எல்லாச் சமுதாயத்தாரும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது.

விலைப்பட்டியலைத் தினமும் கேட்டு வாங்குகிற நாம், சுவாசிக்கும் காற்றின் கணக்கையும் கேட்டு வாங்க வேண்டாமா? சிந்தியுங்கள், செயல்படுங்கள்!