உன்ர முகத்தைக் காணேல்லையே?



கலியாண வீட்டு வீடியோக் கசற் ஒன்றைப் போட்டால் மூன்று மணித்தியாலம் ஓடும் என்பது எம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பந்தியில் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் வருவார்கள். ஊரில் இருக்கும் பெரியம்மா அதைப் பார்த்து, யார் மெலிந்துவிட்டார், யார் வரவில்லை என்று கணக்கெடுப்பார். இன்று எமது பிள்ளைகள் எடுக்கும் வீடியோ வேறு வகையானது. இம்முறை அதைப்பற்றித்தான் பேசப்போகிறோம்.

அண்மையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். மொன்றியாலுக்கு வந்து மூன்று வருடங்களான குடும்பம். மூத்த மகன் உழைத்துச் சேர்த்த காசில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார். வீதியில் ஓடுவதல்ல, காட்டுப் பாதையிலும் சேற்றிலும் ஓடுவது. நண்பர்களோடு வடக்கே லோறன்சியன் மலைப்பக்கம் போய், தலைக்கவசத்தில் சின்னக் கமரா ஒன்றைப் பூட்டி ஓடிய படம் இரண்டு மணித்தியாலம். அதைத் தொலைக்காட்சியில் போட்டார். தாயார் ஐந்து நிமிடம் பார்த்தார்.

“தலை சுத்துது தம்பி” என்று எழும்பியவர், கதவடியில் நின்று, “எல்லாற்றை முகமும் தெரியுது. உன்ர முகத்தைக் காணேல்லையே?” என்றார்.

அந்தத் தாய் கேட்டதில் முழுப் பாடமும் இருக்கிறது. தலையில் கட்டிய கமராவுக்கு எதிரே வருபவர்கள் எல்லோரும் தெரிவார்கள், அதைக் கட்டியவர் மட்டும் தெரியமாட்டார்.

இந்தக் கமராவின் கதை பழையது. 1987இல் கலிபோர்னியாவில் மார்க் ஷூல்ட்ஸ் என்பவர் மலைச் சைக்கிள் ஓட்டத்தைப் படமெடுப்பதற்காக, மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் ஒன்றில் கமராவைப் பூட்டினார். அதிலிருந்து வயர் இழுத்து, முதுகுப் பையில் வீடியோ ரெக்கோடரையும் பற்றரியையும் சுமந்துகொண்டு ஓடினார். 2002இல் நிக் வூட்மன் தொடங்கிய கோ-புரோ நிறுவனத்தின் முதற் கமரா கையில் கட்டுவது. அதற்குள் இருந்தது சாதாரண 35 மில்லிமீற்றர் பிலிம் சுருள். இன்று அதே பெயரில் வருவது உள்ளங்கைக்குள் அடங்குகிறது, தண்ணீரிலும் நனையலாம். 2018இல் வந்த ஏழாவது ஹீரோ மாதிரியிலிருந்து, குலுக்கலைக் கமராவே பெருமளவு சமன்செய்கிறது.

அப்படியென்றால் தாய்க்கு ஏன் தலை சுற்றியது? ஓட்டுபவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் படமும் திரும்புகிறது. ஓட்டுபவருடைய உடம்புக்கு அந்தத் திருப்பம் தெரியும், கதிரையில் இருப்பவருடைய உடம்புக்குத் தெரியாது. அதே கமராவைப் பட்டியால் நெஞ்சில் கட்டினால் ஹாண்டிலும் இரண்டு கைகளும் படத்துக்குள் எப்போதும் நிற்கும். கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும், வேகமும் விளங்கும். அகன்ற வில்லை மேட்டைத் தட்டையாக்கிக் காட்டுவது. ஏறமுடியாமல் விழுந்த மேடு படத்தில் முற்றம்போலத் தெரியும். ஹாண்டிலிலேயே பூட்டினால் எஞ்சினின் அதிர்வு முழுவதும் படத்தில் ஏறும். தலைக்கவசத்தில்தான் பூட்டவேண்டுமென்றால் பிசின் தட்டில் ஒட்டுங்கள். துளை போடவே கூடாது. தலையைக் காக்கும் ஓடு அதனால் பலவீனப்படும்.

இன்னொன்று, நண்பர் ஒருவர் பாதையை விட்டு விலகி நின்று, வளைவில் வரும் உங்களை எடுக்கட்டும். புறப்படுமுன், தலைக்கவசம் போடாத உங்கள் முகத்தையும் எடுக்கட்டும். இந்த இரண்டு துண்டும் இல்லாத படம் வீட்டாருக்கு உரிய படமல்ல.

எடுப்பது பாதி வேலைதான், மீதி வெட்டுவது. விநாடிக்கு 100 மெகாபிற் அளவில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 45 கிகாபைற் நிரம்பும். ஆகவே முழு நேரமும் ஓடவிடாமல் தேவையான இடத்தில் மட்டும் பதியுங்கள். குளிரில் பற்றரி கெதியாக இறங்கும். மேலதிக பற்றரியை உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்து, நல்ல இடங்களைக் குறித்து, மற்றதை விடுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் மூன்று நிமிடம் தேறினால் போதும். ஒரு துண்டு ஐந்தாறு விநாடிக்கு மேல் நிற்கவேண்டுமானால் அதில் ஏதாவது நடக்கவேண்டும். காற்றின் இரைச்சலைக் குறையுங்கள், ஆனால் எஞ்சின் சத்தத்தை முழுதாகப் பாட்டால் மூடிவிடாதீர்கள். இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. டாவின்சி றிசோல்வ் என்ற தொகுப்பு மென்பொருள் இலவசமாகவும் கிடைக்கிறது.

இனி, மற்றவர்களுடைய முகம். இங்குதான் புதிதாக வந்தவர்கள் கவனிக்கவேண்டும். 1988இல் இந்த மொன்றியாலில், சென்ற் கத்தரீன் வீதியில் ஒரு கட்டடத்துப் படியில் இருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை ஒரு சஞ்சிகை அவரைக் கேளாமல் வெளியிட்டது. படத்தில் தவறாக ஒன்றுமில்லை, எடுத்ததும் பொது இடத்தில். ஆனாலும் 1998இல் கனடிய உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்து, 2,000 டொலர் நட்டஈட்டை உறுதிசெய்தது. கூட்டத்தில் ஒருவராகத் தற்செயலாக விழுவது வேறு, அவரே படத்தின் பொருளாக நிற்பது வேறு. கியூபெக் குடியியற் சட்டத்தின் 36ஆவது பிரிவும் ஒருவரின் உருவத்தையும் குரலையும் காக்கிறது.

சட்டத்தை விடுங்கள். எமது ஆட்களில் வழக்கு முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஊரில் பெற்றோரை விட்டு வந்து, தாம் இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நண்பன்தானே என்று கேளாமல் போட்டுவிட்டால் பிறகு திருப்பி எடுக்கமுடியாது. பலரும் பார்க்கப் போடும் படமென்றால் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்றவரை வெட்டுங்கள், அல்லது முகத்தை மங்கலாக்குங்கள். உங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் துண்டில் கதவிலக்கமும் வாகன இலக்கத் தகடும் தெரியும், அதையும் வெட்டுங்கள். சில கமராக்கள் இருக்கும் இடத்தையும் பதியும், அதை நிறுத்தி வைக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். இங்கே காட்டுப் பாதை வாகனம் ஓட்ட 16 வயது நிரம்பவேண்டும். வீதி விபத்தில் காயப்பட்டால் எஸ்.ஏ.ஏ.கியூ. கொடுக்கும் நட்டஈடு, காட்டுப் பாதையில் தானாக விழுந்த பிள்ளைக்குக் கிடையாது. ஓடிக்கொண்டிருந்த கார் போன்ற வாகனம் ஒன்று சம்பந்தப்பட்டால்தான் கிடைக்கும். தனியார் காப்புறுதி என்ன இருக்கிறதென்று ஓடுமுன்னர் கேட்டறியுங்கள்.

அந்தத் தம்பி பிறகு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நண்பர்களிடம் கேட்டு, ஒருவரை வெட்டி, மூன்றரை நிமிடப் படம் செய்தார். முதலில் சிரித்த முகம். முடிவில் தலைக்கவசத்தைக் கழற்றி, சேறு பூசிய கையோடு பாண் சாப்பிடும் முகம். தாயார் இரண்டு தரம் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்பச் சொன்னார். அங்கிருந்து அம்மம்மா எடுத்துக் கேட்ட முதற் கேள்வி: “கையைக் கழுவாமலே சாப்பிட்டவன்?”