சம்மன் வந்தால் ஒளிய வேண்டாம்

நெற்பயிரில் புள்ளி விழுந்தால் விவசாயி ஓர் இலையைப் பறித்து எடுத்துக்கொண்டு விரிவாக்க அலுவலரைத் தேடி வருகிறார். இது என்ன நோய், எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு என்று விடாமல் கேட்கிறார். அதே விவசாயியின் வீட்டு வாசலுக்குக் கோர்ட் ஆள் ஒரு காகிதத்தோடு வந்தால், கொல்லைப்புறமாக இறங்கி வயலுக்குப் போய்விடுகிறார். "அவர் ஊரில் இல்லை" என்று மனைவி சொல்லி அனுப்புகிறார். காகிதம் கதவில் ஒட்டப்படுகிறது. ஆறு மாதம் கழித்து ஜப்திக்கு அமீனா வரும்போதுதான் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள்.

தாலுகா ஊர் வக்கீல்களிடம் சிறு விவசாயிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கடனைச் சுற்றியே இருக்கின்றன. கடனுக்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகலாமா? உழவு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போக அவர்களுக்கு உரிமை உண்டா? குடியிருக்கும் வீட்டை ஏலம் விடலாமா? வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து செல்லுமா? இவை பணத்தைப் பற்றிய கேள்விகள் மட்டுமல்ல. ஒரு மனிதன் தன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்கும் உரிமையைப் பற்றிய கேள்விகளுமாகும். இவற்றுக்குச் சட்டத்தில் தெளிவான விடைகள் இருக்கின்றன. ஆனால் அந்த விடைகள் கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை.

முதலில் போலீஸ் விஷயம். கடன் வாங்கித் திருப்பித் தர முடியாமல் போவது குற்றமாகாது. அது சிவில் வழக்கு. கடன் கொடுத்தவர் போக வேண்டிய இடம் சிவில் கோர்ட். போலீஸ் நிலையத்துக்கு அதில் வேலை இல்லை. பணத்தை வசூலித்துத் தருவது போலீசாரின் பணியல்ல. இருந்தாலும் "ஏமாற்றிவிட்டான்" என்று ஒரு மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, நிலையத்துக்குக் கூப்பிட்டு மிரட்டச் செய்யும் வழக்கம் இருக்கத்தான் செய்கிறது. பழைய நாளில் "420" என்று ஊரெல்லாம் சொன்ன ஏமாற்றுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறினாலும் பொருள் மாறவில்லை. கடன் வாங்கும்போதே திருப்பித் தரக் கூடாது என்ற வஞ்சக எண்ணம் இருந்தால்தான் அது ஏமாற்று. மழை பொய்த்தோ விலை விழுந்தோ கட்ட முடியாமல் போனால் அது ஏமாற்று அல்ல. இதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

ஒரு வழக்கின் புலன்விசாரணைக்குச் சாட்சியாக ஒருவரை அழைப்பதென்றால் போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் அழைக்க வேண்டும். அப்படி அழைத்தாலும், பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. கைது என்றே வந்துவிட்டால், காரணத்தைச் சொல்ல வேண்டும். குறிப்பேடு எழுதிச் சாட்சிக் கையெழுத்து பெற வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவும், டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பும் இந்த முறைகளுக்கு அடிப்படை. அதேபோல, அடியாட்கள் வந்து விவசாயியை மிரட்டினால், அவரே போலீசில் புகார் தரலாம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம்.

இதில் ஒரு விதிவிலக்கை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால், அது குற்ற வழக்காகவே மாறிவிடும். இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டினால் வழக்கு எழாது. "வெறும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன், தொகையை அவர் எழுதிக்கொண்டார்" என்பது பலர் சொல்லும் சமாதானம். அந்தக் காசோலை கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும் என 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும். முத்திரை ஒட்டிய வெற்றுப் புரோநோட்டும் இப்படித்தான். அதைப் பூர்த்தி செய்துகொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே சட்டம் கருதுகிறது. விதைநெல்லை விற்றாலும் விற்கலாம், வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போடக் கூடாது.

புரோநோட்டுக்கு மூன்று ஆண்டு கெடு உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கெடுவுக்குள் ஒரு சிறு தொகையைக் கட்டி, பின்புறத்தில் வரவு எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வரவு வைப்பது தவறல்ல. எதில் கையெழுத்திடுகிறோம் என்பதைப் படித்துப் பார்த்து, கட்டிய பணத்துக்குத் தனியாகவும் ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி ஜப்தி. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 60-ஆவது பிரிவு இருக்கிறது. உழவருக்காக எழுதியதைப் போன்ற பிரிவு அது. பணத்துக்காக டிக்ரி ஆனாலும் விவசாயியின் உழவுக் கருவிகளையும், பிழைப்புக்கு வேண்டும் என்று கோர்ட் கருதும் மாடுகளையும், விதைத் தானியத்தையும் ஜப்தி செய்யக் கூடாது. அவர் குடியிருக்கும் வீட்டையும், அதை ஒட்டி வீட்டுக்குத் தேவையான இடத்தையும் தொடக் கூடாது. சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, பெண்கள் சமய வழக்கப்படி கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகள் ஆகியவையும் இந்தப் பாதுகாப்புக்குள் அடங்கும். இந்தச் சலுகை வேண்டாம் என்று விவசாயியிடமே எழுதி வாங்கினாலும் அந்த எழுத்து செல்லாது. பொழுது சாய்ந்த பிறகு விடியும் வரை ஜப்திக்காக அமீனா வீட்டுக்குள் நுழையக் கூடாது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு தானாக வந்து கதவைத் தட்டாது. "நான் விவசாயி, என் பிழைப்பு இதில்தான் இருக்கிறது" என்று கோர்ட்டில் மனு போட்டுக் காட்ட வேண்டும். அதற்குச் சிட்டாவும் அடங்கலும் கையில் இருக்க வேண்டும். வேறு தொழிலில் சம்பாதித்துக்கொண்டு பேருக்கு நிலம் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிட்டுவது கடினம். இன்னொன்று: வீட்டையே ஈடுபத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தால், அந்த ஈட்டின் மேல் வரும் ஏலத்துக்கு ஜப்தியே தேவையில்லை, 60-ஆவது பிரிவு கைகொடுக்காது. குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்கும் முன் பத்துத் தடவை யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

டிராக்டர் விஷயத்தில் சட்டம் காலத்தோடு நடக்கவில்லை. 1908-இல் உழவென்றால் ஏரும் மாடும்தான். இன்று பல கிராமங்களில் உழவு மாடு என்பதே அரிதாகிவிட்டது. பவர் டில்லரும் மோட்டாரும் தெளிப்பானும்தான் சிறு விவசாயியின் ஏரும் மாடும். இவை அந்தப் பிரிவில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. உழவுக் கருவி என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று ஒவ்வொரு வழக்கிலும் வாதாட வேண்டியிருக்கிறது. சிறு விவசாயியின் பவர் டில்லரையும் பம்ப்செட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? விவசாயிகள் சங்கங்கள் கடன் தள்ளுபடிக்குக் குரல் கொடுப்பதில் பாதியளவாவது இந்தத் திருத்தத்துக்குக் கொடுக்கலாம். தள்ளுபடி ஒரு முறை வந்து போகும். சட்டத்தில் ஏறிய சொல் நிற்கும்.

கடனுக்கே அடமானமான டிராக்டரின் கதை வேறு. தவணை தவறினால் அதை எடுக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு ஒப்பந்தப்படி இருக்கலாம். எடுக்கும் முறைதான் கேள்வி. அடியாட்களை ஏவி வண்டியைப் பறிப்பதை 2007-இல் உச்ச நீதிமன்றம் பிரகாஷ் கௌர் வழக்கில் வன்மையாகக் கண்டித்தது. சட்டப்படியான வழியில்தான் எடுக்க வேண்டும் என்றது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்காரரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் உத்தரவிட்டிருக்கிறது. இவ்வளவு இருந்தும், 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசாரே அடித்த காட்சியை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. கடன் கொடுத்தவருக்கு வண்டியைப் பிடித்துக் கொடுக்கப் போலீஸ் எதற்கு என்ற கேள்வியை அந்த ஊர் மக்கள் அன்றே அங்கேயே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விவசாய நிலத்துக்கு மற்றொரு காப்பும் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், விவசாய நிலத்தின் மேல் செல்லாது. நிலம் உண்மையிலேயே சாகுபடியில் இருக்க வேண்டும். மனைக்கட்டாகப் போட்டுவிட்டுப் பட்டாவில் மட்டும் புஞ்சை என்று இருந்தால் போதாது. விவசாய நிலமாக இருந்தால் வங்கி வழக்குப் போட்டுத்தான் வர வேண்டும்.

கடனுக்காகச் சிறை என்ற பயம் ஊரில் இன்னும் இருக்கிறது. டிக்ரிக் கடனைக் கட்டாதவரைச் சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் இருப்பது உண்மைதான். ஆனால் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவருக்கும், சொத்தை மறைத்தவருக்கும்தான் அது பொருந்தும். கையில் இல்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். டிக்ரித் தொகை 2000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் சிறையே கிடையாது. எவ்வளவு பெரிய தொகையானாலும் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. பெண்களைப் பண டிக்ரிக்காகக் கைது செய்யவே கூடாது. சிறையில் இருப்பவரின் சாப்பாட்டுச் செலவையும் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும் என்பது பலர் அறியாத செய்தி. அதைக் கேட்டதும் பின்வாங்கும் கடன்காரர்களும் உண்டு.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழக அரசின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இங்கே போலீசுக்கு வேலை இருக்கிறது. கடன் கொடுத்தவருக்காக அல்ல, வாங்கியவருக்காக.

இவ்வளவு பாதுகாப்பும் வீணாகிப் போகும் இடம் ஒன்று உண்டு. அதுதான் சம்மனுக்கு ஒளிவது. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும்; தக்க காரணம் காட்டினால் 90 நாள் வரை கோர்ட் ஏற்கலாம். வாய்தாவுக்குப் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிவிடும். கட்டிய வட்டியைச் சொல்ல ஆளில்லை, கெடு தாண்டிய கடன் என்று சொல்ல ஆளில்லை. ஒருதலை டிக்ரியை ரத்து செய்ய மனுப் போட 30 நாள்தான் அவகாசம். தவணையில் கட்ட அனுமதி கேட்பதும் டிக்ரி ஆகும்போதே கேட்க வேண்டியது. அப்போது தக்க காரணம் இருந்தால் கோர்ட்டே தவணை போட்டுத் தரலாம். டிக்ரி ஆன பிறகு கடன் கொடுத்தவர் சம்மதித்தால்தான் தவணை. பின்வாசல் வழியாக வயலுக்குப் போன விவசாயி இழந்தது இந்த வாய்ப்பைத்தான்.

உரிமைகளை எல்லாம் சொல்லிக் கொடுத்தால் யாரும் கடனைக் கட்ட மாட்டார்கள் என்று கூட்டுறவுச் சங்கங்களிலும் வங்கிகளிலும் சிலர் சொல்கிறார்கள். இது சரியான பேச்சல்ல. வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். உழவு மாட்டையும் விதைநெல்லையும் விட்டுவைக்கச் சட்டம் சொல்வதே, அடுத்த போகம் விளைந்தால்தான் கடன் அடையும் என்பதற்காக. பயத்தில் ஒளிகிறவரிடமிருந்து வசூலாவதைவிட, வாய்தாவுக்கு வந்து தவணை கேட்கிறவரிடமிருந்து அதிகம் வசூலாகும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற தயக்கத்துக்கும் வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தாலுகா கோர்ட்டுகளில் வட்டச் சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்திட்ட முடிவுக்கு அப்பீல் கிடையாது. ஆகவே மாதத் தவணை என்று பழக்கத்தில் சொல்லிவிடாமல், சம்பா அறுவடையாகும் தை, மாசியில் பெரிய தவணை என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. விவசாயிக்கு மாதச் சம்பளம் இல்லை என்பதைக் கோர்ட்டுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் விவசாயிதான்.

சட்டப் பணிகள் குழுவினர் விழிப்புணர்வு முகாம்கள் நடத்தத்தான் செய்கிறார்கள். அவற்றை நகரத்து மண்டபத்தில் வேலை நாளில் நடத்துவதைவிட, பயிர்க்கடன் கொடுக்கும் பருவத்தில் கூட்டுறவுச் சங்க வாசலிலும், விடியற்காலையில் உழவர் சந்தையிலும் நடத்தினால் கேட்க ஆள் இருக்கும். வேளாண் துறையின் பயிற்சி முகாம்களில் விதை நேர்த்திக்கும் உர அளவுக்கும் நேரம் ஒதுக்குவது போல, புரோநோட்டையும் சம்மனையும் காட்டி விளக்க உள்ளூர் வக்கீல் ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். இதற்குத் தனி நிதியோ அரசாணையோ தேவைப்படாது. அடுத்த முகாமுக்கு அழைப்பு வரும்போது, வக்கீலையும் கூப்பிடுங்கள் என்று விவசாயிகளே கேட்கலாம்.