வாங்கிய இணையத்தை எதில் பயன்படுத்துவது?

செல்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி மடிக்கணினிக்கு இணையம் கொடுப்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வேலை. திரையில் ஒரு தட்டு, ஒரு கடவுச்சொல், அவ்வளவுதான். ஆனால் இந்த வசதி இவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. ஒரு பக்கம் தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. இன்னொரு பக்கம், "நீ காசு கொடுத்து வாங்கிய இணையமாக இருந்தாலும் நான் சொல்லும் கருவியில்தான் பயன்படுத்த வேண்டும்" என்ற தொலைபேசி நிறுவனங்களின் பிடிவாதம். முதல் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. இரண்டாவது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

கதை கையடக்கக் கணினியில் தொடங்குகிறது. 1996-இல் அமெரிக்காவில் பாம் பைலட் வந்தது. சட்டைப்பையில் அடங்கும். முகவரிகள், நாட்குறிப்பு, வேலைப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். சின்னக் குச்சியால் திரையில் எழுதலாம். இணையம் மட்டும் கிடையாது. மேசைக் கணினியோடு இணைத்தால்தான் புதிய தகவல் ஏறும். வெளியே போகும்போது மின்னஞ்சல் பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

இதற்கு இரண்டு வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. முதல் வழி, இணைப்பையும் கருவிக்குள்ளேயே வைத்துவிடுவது. 1999-இல் வந்த பாம் 7 அப்படிப்பட்டது. ஆண்டெனாவைத் தூக்கினால் இணைப்பு வந்துவிடும். ஆனால் அமெரிக்காவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அதன் அடிப்படைக் கட்டணம் மாதம் 9.99 டாலர், அதற்குக் கிடைத்தது 50 கிலோபைட். இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படத்துக்கே அது போதாது. அந்தக் கருவியை வாங்கியவர் அந்த ஒரே இணைப்புச் சேவையோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே பையில் இருக்கும் செல்பேசியையே மோடமாக ஆக்கிக்கொள்வது. 1998-இல் வந்த பாம் 3-இல் அகச்சிவப்புக் கதிர் வசதி இருந்தது. 2000-இல் வந்த நோக்கியா 6210 போன்ற செல்பேசிகளில் அந்த வசதியோடு மோடமும் உள்ளேயே இருந்தது. இரண்டையும் மேசைமேல் எதிரெதிரே முகம் பார்த்து வைக்க வேண்டும். பிறகு கையடக்கக் கணினி செல்பேசிக்குக் கட்டளை கொடுக்கும். அந்தக் கட்டளைகள் 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் மோடத்துக்காக வகுத்தவை. செல்பேசி எண்ணைச் சுழற்றும், இணைப்பு கிடைக்கும்.

வேகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். சாதாரண ஜிஎஸ்எம் அழைப்பில் நொடிக்கு 9,600 பிட். 100 கிலோபைட் இறங்க ஒன்றரை நிமிடம் ஆகும். அழைப்பு என்பதால் நிமிடக் கணக்கில் காசும் ஓடும். 2000-க்குப் பிறகு ஜிபிஆர்எஸ் வந்துதான் இதை மாற்றியது. எவ்வளவு நேரம் இணைந்திருந்தாலும் எத்தனை கிலோபைட் வந்து போனதோ அதற்குத்தான் காசு.

ஜிபிஆர்எஸ் இணைப்புக்குப் பெரும்பாலும் *99# என்ற எண்ணை அடிக்கச் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த எண்ணை அடித்தால் மறுமுனையில் எந்த மணியும் அடிக்காது. அங்கே எடுப்பதற்கு யாரும் இல்லை. டயல் செய்துதான் இணையத்துக்குப் போக முடியும் என்று நம்பிக்கொண்டிருந்த பழைய மென்பொருளைச் சமாதானப்படுத்த வைத்த எண் அது. செல்பேசி அதைப் பார்த்ததும் 'சரி, இணைப்பைத் திற' என்று புரிந்துகொள்ளும்.

அகச்சிவப்பில் கருவி கொஞ்சம் நகர்ந்தாலும் இணைப்பு அறுந்துவிடும். ஓடும் ரயிலில் மடிமேல் இரண்டையும் வைத்துக்கொண்டு மின்னஞ்சல் பார்ப்பது ஒரு சர்க்கஸ்தான். புளூடூத் பரவியதும் அந்தத் தொல்லையும் போயிற்று. செல்பேசி பைக்குள்ளேயே கிடக்க, கையில் இருக்கும் கணினியில் இணையம் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் கணினி ஒரு நிறுவனத்தினுடையது, செல்பேசி வேறொன்றினுடையது, இணைப்பு மூன்றாவது நிறுவனத்தினுடையது. எதை மாற்றினாலும் மற்றவை அப்படியே இருக்கும். தேர்வு வாங்குபவர் கையில் இருந்தது. இது தொலைபேசி நிறுவனங்களுக்குப் பிடிக்கவில்லை. செல்பேசிக்குள் மட்டும் பார்க்கும் இணையத்துக்கு ஒரு விலை, அதே இணைப்பைக் கணினிக்குக் கொடுத்தால் கூடுதல் விலை என்று திட்டம் போட்டார்கள். இந்தியாவிலும் ஜிபிஆர்எஸ் காலத்தில் இப்படி இரண்டு விதத் திட்டங்கள் இருந்தன.

இதன் உச்சத்தை 2010-இல் அமெரிக்காவில் பார்க்கலாம். அந்த ஜூன் மாதம் ஏடி&டி நிறுவனம் ஐபோன்காரர்களுக்குக் கணினியை இணைக்க அனுமதி கொடுத்தது. 2 ஜிபி திட்டத்துக்கு மாதம் 25 டாலர். கணினியை இணைக்க வேண்டுமானால் அதற்கு மேல் இன்னும் 20 டாலர். அந்த 20 டாலருக்குக் கூடுதலாக எவ்வளவு டேட்டா கிடைத்தது? ஒரு பைட்கூட இல்லை. அதே 2 ஜிபியைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வணிகவியலில் முதலாம் ஆண்டிலேயே வரும் பாடம் இது. ஒரே பொருளை வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு விலையில் விற்பது எப்போதும் ஏமாற்று அல்ல. செல்பேசியின் சின்னத் திரையில் ஆள் கொஞ்சமாகத்தான் பார்ப்பார் என்ற கணக்கில்தான் 'அளவில்லா' திட்டத்துக்குக் குறைந்த விலை வைக்கிறார்கள். அதில் கணினியை மாட்டி நாள் முழுக்கப் படம் இறக்கினால் அந்தக் கணக்கு உடைந்துபோகும். கோபுரத்தின் கொள்ளளவு எல்லோருக்கும் பொது. ஒருவர் வாரிக்கொண்டால் மற்றவருக்கு வேகம் குறையும்.

இதைச் சாப்பாட்டுக்கடை கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். முழுச் சாப்பாடு வாங்கியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் சோறு கேட்கலாம். ஆனால் பக்கத்தில் நாலு பேரை உட்காரவைத்து அதே இலையிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. கடைக்காரர் தடுத்தால் அது நியாயம். அளவுச் சாப்பாடு அப்படி இல்லை. அளந்து கட்டிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனபின் அதை யார் தின்கிறார்கள், எந்தத் தட்டில் போட்டுத் தின்கிறார்கள் என்று கடைக்காரர் கேட்க முடியுமா? 2 ஜிபி என்று அளந்து விற்ற பிறகு, அது செல்பேசியில் தீர்ந்தால் என்ன, கணினியில் தீர்ந்தால் என்ன? கோபுரத்துக்கு இரண்டும் ஒரே சுமைதான்.

அளவில்லாத் திட்டத்திலும் நேர்மையான வழி ஒன்று உண்டு. எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும். அளவுக்கு எல்லை வைக்கலாம், கருவிக்கு எல்லை வைக்கக் கூடாது.

இந்தக் கொள்கை புதிதும் அல்ல. அமெரிக்காவில் தாமஸ் கார்ட்டர் என்பவர் வானொலியைத் தொலைபேசியோடு இணைக்கும் கருவி ஒன்றை விற்றார். தன் வலையமைப்பில் பிறர் கருவி கூடாது என்று தொலைபேசி நிறுவனம் எதிர்த்தது. 1968-இல் அந்த நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம், வலையமைப்புக்குக் கெடுதல் செய்யாத கருவியைத் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. வீட்டுத் தொலைபேசியில் யார் செய்த மோடத்தையும் மாட்டலாம் என்ற நிலைக்கு அந்தத் தீர்ப்புதான் வழி திறந்தது. 2012-இல் அதே ஆணையம் வெரைசன் விவகாரத்தில் தலையிட்டது. செல்பேசியை மோடமாக்கும் செயலிகளை ஆண்ட்ராய்டு கடையில் கிடைக்காமல் செய்தது என்பது புகார். வெரைசன் 12.5 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது.

இது அமெரிக்கப் பணக்காரர்களின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. மடிக்கணினி வீட்டுக்கு வந்தது, இணையம் பலருக்குச் செல்பேசி வழியாகத்தான் வந்தது. 2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் 10.7 சதவீத வீடுகளில்தான் கணினி இருந்தது, 23.8 சதவீத வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது. 2020-இல் கல்லூரிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, பல வீடுகளில் அப்பாவின் செல்பேசியில் போட்ட ஒரு பேக்தான் அக்காவின் மடிக்கணினிக்கும் தம்பியின் பாடத்துக்கும் சேர்த்து ஓடியது. அன்றைக்கு ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் காசு என்று யாராவது வைத்திருந்தால் அந்த வீட்டில் யாரோ ஒருவரின் வகுப்பு நின்றிருக்கும்.

இந்தியாவில் இன்று வழக்கமான ப்ரீபெய்டு பேக்குகளில் ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. நல்ல விஷயம். ஆனால் அது நிறுவனங்களின் போட்டியால் கிடைத்த சலுகையாகத்தான் இருக்கிறது, வாங்குபவரின் உரிமையாக எழுதப்படவில்லை. அமெரிக்காவில் 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி எல்லை இன்றும் இருக்கிறது. போட்டி குறைந்தால் இங்கேயும் அது வரலாம். ஒரே கம்பெனி மட்டும் ஓட்டும் பஸ்ஸில் டிக்கெட் விலை எப்படி ஏறும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

2016 பிப்ரவரியில் டிராய், எந்த இணையதளத்தைப் பார்க்கிறார் என்பதை வைத்து வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி போட்டது. எந்தக் கருவியில் பார்க்கிறார் என்பதற்கும் அதேபோல ஒரு வரியைத் தெளிவாகச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. கையடக்கக் கணினிகள் மறைந்துவிட்டன, *99# அடிப்பவரும் இன்று அரிது. செல்பேசியிலிருந்து இன்னொரு கருவிக்கு இணையம் எடுக்கும் பழக்கம் மட்டும் வீட்டுக்கு வீடு பெருகிவிட்டது. டேப்லெட், கைக்கடிகாரம் என்று இணைய வேண்டிய கருவிகளும் கூடிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தா கேட்கும் நாள் வருவதற்கு முன்னாலேயே அந்த வரியை எழுதி வைத்துவிடுவது நல்லது.