தாய்க்கும் ஒரு தாலாட்டு

எனது பெறாமகள் சிசேரியன் சத்திரசிகிச்சையின் மூலம் பிள்ளை பெற்ற மறுநாள் அவளைப் பார்க்கச் சென்றிருந்தேன். குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. தாயோ, இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மூச்சையும் அடக்கியபடி படுத்திருந்தாள். விடுதித் தொலைக்காட்சியில் நாடகமொன்று அலறிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. ஹெட்போனை ஒரு காதில் மாட்டிப் புல்லாங்குழல் கேட்கத் தொடங்கினாள் (தகப்பனிடமிருந்து தொற்றிய ரசனை). மறு காது குழந்தையின் அழுகைக்காம். சற்று நேரத்தில் இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தன.

இது மனப்பிரமையல்ல. பல்வகைச் சத்திரசிகிச்சைகள் தொடர்பான 70க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியான கட்டுரை, இசை கேட்டோருக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலிநிவாரணிகளின் தேவையும் குறைந்தது என்கிறது. எந்த இசை என்பதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லையாம். ஆயினும் தெரிவு தாயினுடையதாகவே இருக்கவேண்டும் என்பேன். அவளுக்குப் பிடிக்காத பாட்டும் அந்த நாடகமும் எனக்கு ஒன்றுதான்.

இதைக் காரணங்காட்டி மருந்தைக் குறைக்க எவரும் முற்படலாகாது. "பொம்பிளையெண்டால் தாங்கத்தானே வேணும்" என்று சொல்லிப் பழகிய சமூகம் எங்களது. வலிக்கிறது என்பவளுக்கு முதலில் மாத்திரை, பிறகே பாட்டு. அந்தத் தொலைக்காட்சியை இரவிலாவது அணைத்துவிடும்படி தாதியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே அணைத்தார்.